பூட்டுப் போட்ட காலண்டர்

குடியை விட்டவனும் திருட்டு சாஃப்ட்வேரை விட்டவனும் ஒரே ரகம். தான் திருந்தியது போதாதென்று ஊரையும் திருத்தக் கிளம்பிவிடுவார்கள்.

சிவகாசியில் டிசைன் சென்டர் வைத்திருக்கும் கதிரவன் இரண்டாமவன். திருட்டுப் பிரதிக்காக ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்து தெருவே ஒரு வாரம் ஷட்டரை இறக்கியபோது, அவன் எல்லாக் கம்ப்யூட்டரிலும் யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளக்கூடிய சுதந்திர மென்பொருளை ஏற்றினான். அதோடு நின்றிருந்தால் அவன் மனைவி இசைவாணி பாராட்டியிருப்பாள். தங்கள் சாஃப்ட்வேரில் மட்டுமே திறக்கும்படி கம்பெனிக்காரர்கள் பூட்டி வைத்த வடிவத்தில் யார் ஃபைல் கொண்டுவந்தாலும் திறக்க மாட்டேன் என்று திருப்பி அனுப்ப ஆரம்பித்தான். வந்தவர்கள் வாதாடவில்லை, பக்கத்துக் கடைக்குப் போனார்கள். இந்த சீசன் ஆர்டரும் போனால், விட்டுவந்த பட்டாசுக் கம்பெனி ஆபீசில் இசைவாணி மறுபடியும் வேலை கேட்டு நிற்க வேண்டும்.

ஆடிப்பெருக்குக்கு ஒன்பது நாள் இருந்தது. அன்றுதான் அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியாகும். மளிகைச் சரக்கோடு காலண்டர் ஆர்டரும் பிடிக்கும் விருதுநகர் ஏஜென்ட் பெத்தணன், முதலாளி படம் போட்ட நாற்பது மளிகைக்கடைகளின் காலண்டரை ஒரே ஃபைலாகப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு வந்தார். கூடவே அந்த நாற்பதில் ஒருவரான சாத்தூர் மளிகைக்கடை சீனிவாசகம்.

"போன வருஷ டிசைன்தான் தம்பி. வருஷத்தை மட்டும் மாத்தணும்" என்றார் பெத்தணன்.

கதிரவன் பென்டிரைவைச் செருகிப் பார்த்தான். "பூட்டு ஃபைலுண்ணே. திறந்த வடிவத்துல மாத்திக் கொண்டாங்க."

"செஞ்சவன் துபாய்ல இருக்கான். அங்கன போயி மாத்திட்டு வரவா?"

"நம்ம சாஃப்ட்வேர்லயே அதைத் திறக்க வழி இருக்குண்ணே" என்றாள் இசைவாணி. "இவுகதான் அணைச்சு வச்சிருக்காக."

"திறந்தா எவனும் பூட்டை விட்டு வர மாட்டான்" என்றான் கதிரவன். "அதான் இங்கன திறக்குறாகளேன்னு காலம் பூரா அதுலயேதான் செய்வான்."

"திறக்காட்டி நாப்பது கடை டிசைனும் உள்ளயே கிடக்கும். பூட்டுனவன் ஆசைப்பட்டதும் அதானே? நீங்க அவனுக்குச் சம்பளமில்லாத வாட்ச்மேன்."

பேரத்தின் வாடை பட்டதும் பெத்தணன் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். "தம்பி, தினம் கிழிக்கிற தேதிக்கட்டை எவனோ ஒருத்தன் அடிக்கான். மாரியம்மன் அட்டையிலயும் ஏறுது, மாதா அட்டையிலயும் ஏறுது, மக்கா அட்டையிலயும் ஏறுது. என் அட்டையில மட்டும்தான் ஏறும்னா, ஊரே கிழமை தெரியாம அலையணும்."

"அப்படிச் சொல்றது அந்தக் கம்பெனிக்காரன்ணே, நானில்ல!"

"அவன் சொல்றான். நீ செய்யிற."

அதற்குள் இசைவாணி அணைத்து வைத்திருந்ததை இயக்கிவிட்டு ஃபைலைத் திறந்தாள்.

துபாய்க்காரனுக்கு ஒரு பழக்கம் இருந்திருக்கிறது. அடுத்த கடைக்கு டிசைன் செய்யும்போது முந்தின முதலாளியின் தலையை அழிக்க மாட்டான். மறைத்துவிட்டு, அதே உடம்பில் புதுத் தலையை ஒட்டுவான். அவன் மறைத்ததை இந்த மென்பொருளுக்கு மறைக்கத் தெரியவில்லை. திரையில் வெள்ளைச் சட்டையில் கும்பிட்டபடி ஓர் உடம்பு. அதன் கழுத்தில் கொத்தாக நாற்பது தலை.

"ராவணனுக்கே பத்துதானப்பா!" என்றார் சீனிவாசகம்.

"மூடு தாயி, மூடு!" என்றார் பெத்தணன். நாற்பது பேரிடமும், 'உங்களுக்குன்னே தனியாச் செஞ்சது அண்ணாச்சி' என்று சொல்லியிருந்தவர் அவர்.

சீனிவாசகம் கண்ணாடியை மாட்டித் தன் தலையைத் தேடிக் கண்டுபிடித்தார். பிறகு பார்வை கீழே இறங்கியது.

"தலை என்னுது. மிச்சம் யாருது?"

திரையை நெருங்கிக் குனிந்தார்.

"இந்தப் பச்சைக்கல் மோதிரம்... எதுத்த கடை காளீஸ்வரன் மோதிரமில்ல? யோவ், ஏழு மாசமா ஊர்ல அம்புட்டு வீட்டுச் சுவத்துலயும் நான் அவன் கையாலயா கும்பிட்டுக்கிட்டு இருந்தேன்?"

பெத்தணன் சட்டென்று கட்சி மாறினார். "இதுக்குத்தான் தம்பி திறக்க வேண்டாம்னு சொன்னாரு. என்ன இருந்தாலும் கொள்கைன்னா கொள்கை!"

"நீ சும்மா இருய்யா" என்ற சீனிவாசகம், கதிரவன் பக்கம் திரும்பினார். "எனக்குப் புதுசாப் போட்டோ எடு தம்பி. அந்த ஃபைல் என் கையில இருக்கணும். எந்தக் கடைக்குக் கொண்டுபோனாலும் திறக்கணும். துபாய்க்காரனைத் தேடி நான் அலையக் கூடாது."

இரண்டு வருஷப் பிரசங்கத்துக்கு மசியாத ஊரில் முதல் ஆள் வந்துவிட்டார். அதுவும் பூட்டு ஃபைல் வழியாக. கதிரவன் மனைவியைப் பார்க்காமல் கேமராவைத் தேடினான்.

இசைவாணி பெத்தணனிடம் திரும்பினாள். "யார் எதைக் கொண்டாந்தாலும் இனிமே திறப்போம்ணே. ஆனா திருப்பித் தர்றது திறந்த வடிவத்துலதான். நாப்பது கடை ஆர்டரும் இங்கனதான். சம்மதம்னா, மிச்சம் முப்பத்தொம்பது பேரும் இந்தத் திரையைப் பாக்க மாட்டாக."

துவரம்பருப்பை ஒரு கை அள்ளிப் பார்த்தே விலையை இறக்குகிறவர் பெத்தணன். எங்கே இறக்க முடியாது என்பதும் அவருக்குத் தெரியும். தலையாட்டினார்.

சீனிவாசகம் வெள்ளைச் சுவரையொட்டி நின்று, சொந்தக் கையால் கும்பிட்டார். கதிரவன் கேமராவைத் தூக்கியதும் அருகே வரும்படி கண்ணைக் காட்டினார்.

"தம்பி, வயித்தை மட்டும் காளீஸ்வரன் அளவுக்குக் குறைச்சுருவீகளா?"

"அது எல்லா சாஃப்ட்வேர்லயும் நடக்கும் அண்ணாச்சி" என்றான் கதிரவன்.