தலைவருக்கு முதல் துண்டு

ஃபின்னிஷ் ஊரான ஈஸால்மியில் மூன்று பேருக்கு ஒரே விஷயம் பிடித்துப்போனால் அது சங்கமாகிவிடும். நான்காவது ஆள் வந்து சேர்வதற்குள் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று மூவருக்கும் பதவி கிடைத்திருக்கும். ஏரிப் பனிக்கட்டியில் ஓட்டை போட்டு மீன் பிடிப்பவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. அதே போல ஓட்டை போட்டு அதில் இறங்கிக் குளிப்பவர்களுக்கு இன்னொரு சங்கம் உண்டு. இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆகவே ஊரில் இருந்த ஒரே ஜப்பானியப் பெண்ணை மையமாக வைத்து ஒரு நட்புறவுச் சங்கம் எழுந்தபோது யாரும் வியக்கவில்லை. இத்தனை நாள் ஏன் எழவில்லை என்றுதான் கேட்டார்கள்.

கஸுயோ ஹத்தானாக்கா மரம் வெட்டும் இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். இயந்திரத்தின் வயிற்றுக்குள் எண்ணெய்க் குழாய்கள் எந்த வழியாகப் போகவேண்டும் என்று வரைவது அவள் வேலை. வந்த புதிதில் அவளிடம் ஊர் பேசியதெல்லாம் காலையில் வணக்கமாக ஒரு ‘மொய்’, சாயங்காலம் கிளம்பும்போது விடைபெற இரண்டு ‘மொய்’. வெறுப்பு ஒன்றும் இல்லை. இங்கே கூடப் பிறந்தவனிடமும் அவ்வளவுதான். ஆனால் அவளுக்கு அது தெரியாது. இரண்டு குளிர்காலம் தன் தட்டின் முன்னால் தனியே உட்கார்ந்து சாப்பிட்டாள். அதற்குப் பிறகுதான் சங்கம் வந்தது. சங்கம் வந்த பிறகு மாதம் ஒரு முறையாவது அவளை யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

சங்கத்தின் தலைவர் தௌனோ கார்வினென், ஓய்வுபெற்ற துணைத் தலைமையாசிரியர். ஓய்வுபெற்ற வருஷம் ஜப்பானுக்குப் பத்து நாள் சுற்றுலா போய்வந்து, மிச்ச வாழ்நாளுக்கு அதையே வைத்து நிபுணராகிவிட்டவர். கூட்டங்களுக்கு ஒரு நீலப் பருத்தி அங்கி அணிந்து வருவார். கழுத்துப் பட்டியின் உட்புறம் சுற்றுலாவில் தங்கிய ஓட்டலின் சலவை எண் தைத்திருக்கும். குளிருக்காக அடியில் கம்பளிக் கால்சட்டை. ‘மௌனத்தில் இணைந்த இரு இனங்கள்’ என்பது அவருடைய புகழ்பெற்ற உரை. மௌனத்தைப் பற்றி ஒன்றேகால் மணி நேரம் மூச்சு விடாமல் பேசுவார்.

ஊரில் பிரதமரே வந்தாலும் ‘நீ’ என்றுதான் கூப்பிடுவார்கள். கஸுயோ மட்டும் எல்லாரையும் ‘நீங்க’ என்பாள். தலைவர் ஒவ்வொரு முறையும், “அதெல்லாம் வேண்டாம்மா, இங்க எல்லாரும் சமம்,” என்பார். சொல்லிவிட்டு, அவள் மறுபடி ‘நீங்க’ சொல்லும்வரை காத்திருப்பார்.

ஐந்தாம் ஆண்டு விழா நெருங்கிய சமயம், நூலக மாடியில் நடந்த கூட்டத்தில் அவர் எழுந்து நின்றார்.

“விழா அன்னிக்கு நம்ம கஸுயோ தன் கையாலேயே சுஷி செஞ்சு எல்லாருக்கும் பரிமாறுவா. பரம்பரைக் கலை. முதல் துண்டைச் சங்கத்தின் சார்பில் தலைவர் உண்பார்.” தன்னைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் மேடைத் தமிழுக்கு நிகரான ஃபின்னிஷுக்கு ஏறிவிடுவார்.

கஸுயோ தலையைச் சாய்த்தாள். பல்லிடுக்கில் மெல்ல மூச்சை உள்ளே இழுத்தாள். “அது... கொஞ்சம் கஷ்டமாச்சே, தலைவரே.”

அவள் பிறந்த ஊரில் இதற்கு மேல் ஒரு வார்த்தை தேவைப்படாது. கேட்டவர் முகம் சிவந்து, கேட்டதற்கு மன்னிப்புக் கேட்டு, மழை பெய்யுமா என்று பேச்சை மாற்றிவிடுவார். ஈஸால்மியில் ‘கஷ்டம்’ என்பது மறுப்பு என்று யாரும் கேள்விப்பட்டதில்லை. இங்கே ஒருவர் கஷ்டம் என்றால் மற்றவர்கள் மண்வெட்டியோடு வந்து நிற்பார்கள்.

“எது கஷ்டம், மீன் கிடைக்கறதா?” என்றார் வலை போடும் பெந்தி. “மீனை என்கிட்ட விடு.”

ஒரு காலத்தில் இறைச்சிக் கடை வைத்திருந்தவர் கத்தி தீட்டித் தருவதாகச் சொன்னார். இன்னொருவர் பிர்ச் மரத்தில் பலகை இழைக்க ஒப்புக்கொண்டார். எத்தனை பலகை என்றுதான் சின்ன விவாதம்.

“நான்... யோசிச்சுப் பாக்கறேங்க,” என்றாள் கஸுயோ. இது அவளுடைய இரண்டாவது மறுப்பு. முதலாவதைவிடக் கடுமையானது.

தலைவர் செயலாளர் ரைலி பக்கம் திரும்பினார். “எழுதிக்கோ. யோசனை தொடங்கியாச்சு.”

மூன்றாவது மறுப்பைச் சொல்ல அவள் ஒரு டப்பா பிஸ்கட்டோடு தலைவர் வீட்டுக்கே போனாள். அரை மணி நேரம் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்துவிட்டுச் சொன்னாள்: “விழா நல்லபடியா நடக்கணுமேன்னுதான் எனக்குக் கவலைங்க. என்னைவிடத் தகுதியானவங்க ஹெல்சிங்கியில எத்தனையோ பேர் இருக்காங்க.”

“கேட்டியா ஹெல்வி,” என்றார் அவர் மனைவியிடம். “அடக்கம். இதைத்தான் நான் ஒன்றேகால் மணி நேரம் பேசினேன்.”

“ரெண்டு மணி நேரம்,” என்றாள் ஹெல்வி காப்பியை ஊற்றியபடி.

விஷயம் இதுதான்: கஸுயோவுக்குச் சுஷி செய்யத் தெரியாது. அவளுடைய அப்பா தெருவோரக் குளிர்பான இயந்திரங்களைப் பழுது பார்த்தவர். அம்மா பேருந்து நிறுவனத்தில் கணக்கு எழுதியவள். சுஷி வேண்டுமென்றால் கடைக்குப் போவார்கள். வீட்டில் பெட்டியில் வரும் குழம்புக் கட்டிதான். சாக்லேட் மாதிரி பாளம் பாளமாக இருக்கும். உடைத்துக் கொதிக்கிற பானையில் போட்டால் பழுப்புக் குழம்பு. இந்த ஊருக்கு வந்த பிறகும் அவள் அதைத்தான் சாப்பிட்டாள். ஒவ்வொரு விடுமுறையிலும் பெட்டி நிறையக் கொண்டுவந்து அலமாரியில் செங்கல் மாதிரி அடுக்கியிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முயன்று பார்த்தாள். சோற்றைப் பிடித்தாள். சோறும் அவளைப் பிடித்துக்கொண்டது. விரலில் ஒட்டியது, குழாயைத் திறக்கப் போனால் குழாயில் ஒட்டியது, துண்டில் துடைத்தால் துண்டும் கூடவே வந்தது. தட்டில் நின்ற ஒன்றிரண்டு உருண்டைகளும் மேலே பச்சை மீன் துண்டை வைத்ததும் களைத்துப்போய்ப் படுத்துவிட்டன.

அவமானம் அவளுக்குப் பெரிதில்லை. அதற்கப்புறம் என்ன என்பதுதான் பெரிது. இந்த ஊருக்கு அவள் ஜப்பான்காரி. அந்த ஒரு காரணத்துக்காகத்தான் கூப்பிடுகிறார்கள். சுஷி செய்யத் தெரியாத ஜப்பான்காரியை எதற்குக் கூப்பிடுவார்கள்? மறுபடி காலையில் ஒரு மொய், சாயங்காலம் இரண்டு.

ரைலி அவளுடைய அடுக்குமாடியிலேயே கீழ்த்தளத்தில் இருந்தாள். நீச்சல்குளத்தில் சீட்டுக் கொடுக்கும் வேலை. வியாழக்கிழமை மாலை கட்டடத்து நீராவிக் குளியலறையான சவுனாவில் பெண்கள் முறை. அன்று இவர்கள் இருவரைத் தவிர யாரும் வரவில்லை. மேல் பலகையில் வியர்வை வழிய உட்கார்ந்திருந்தார்கள்.

“ரைலி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமுங்களா?”

“ஒட்டுத் துணி இல்லாம உக்காந்திருக்கோம். இன்னும் என்ன ‘நீங்க’?”

கஸுயோ முழங்காலில் வழிந்த வியர்வையைத் துடைத்தாள். “அந்த சுஷி விஷயம்...”

“ம்.”

“அது கொஞ்சம்...”

“இந்தக் ‘கொஞ்சம்’ எல்லாம் வேண்டாம். உனக்குச் செய்யத் தெரியுமா தெரியாதா?”

அடுப்புக் கற்கள் டிக் டிக்கென்று சத்தமிட்டன. “தெரியாது,” என்றாள் கஸுயோ. அந்த வார்த்தையை அவள் யார் முகத்துக்கு நேராகவும் தனியாக, முன்னும் பின்னும் தலையணை வைக்காமல் சொன்னதில்லை.

“சரி,” என்றாள் ரைலி. கரண்டியால் கற்கள்மேல் தண்ணீர் ஊற்றினாள். ஆவி எழுந்து இருவரையும் மூடியது.

கஸுயோ காத்திருந்தாள். ஆவி அடங்கிய பிறகும் ஒன்றும் வரவில்லை. “சரின்னா?”

“சரின்னா சரி. தெரியாது, அவ்வளவுதானே. கூட்டத்துக்கு நான் கொண்டுவர்ற கிழக்குப் பக்கத்துப் பலகாரம், கரேலியப் பை இருக்கே, அதை நானா செய்யறேன்? கடையில உறைய வச்சது. உறையைக் கிழிச்சு குப்பையோட அடியில தள்ளிட்டுச் சூடு பண்றேன். தௌனோ அதைத் தின்னுட்டு ‘கிழக்கின் கைமணம்’ங்கறார். நீ இதையே கூட்டத்துல சொல்லிடு.”

“எல்லார் முன்னாலயுமா? பெந்தி மீன் பிடிச்சிட்டு இருக்காரே. பலகை வேற இழைச்சாச்சு.”

“பலகை எதுக்காவது ஆகும். முதுகு எரியுது, கீழ்ப் படிக்கு வா.”

அடுத்த கூட்டத்தில் தலைவர் விழா நிரலை வாசித்து முடித்தார். வரவேற்புரை, தலைமையுரை, தலைவர் முதல் துண்டை உண்ணுதல், கைதட்டல். கஸுயோ எழுந்தாள். வீட்டில் தயாரித்து வந்த நீண்ட மன்னிப்பு முழுவதும் அவளுக்கு மறந்துபோயிருந்தது.

“எனக்குச் சுஷி செய்யத் தெரியாது,” என்றாள். “எங்க வீட்டுல யாருக்குமே தெரியாது. முன்னாடியே சொல்லியிருக்கணும்.”

அறை அடங்கிப்போயிற்று. இரு இனங்களை இணைப்பதாகச் சொல்லப்பட்ட அந்த மௌனம் முதல் முறையாக நிஜமாகவே வந்து அமர்ந்தது. ஒருவர் காப்பிக் கோப்பையைப் பார்த்தார். ஒருவர் ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்தார். முடிந்தது என்று நினைத்தாள் கஸுயோ. மேலங்கி எந்தக் கொக்கியில் தொங்குகிறது என்று கண்ணால் தேடினாள்.

பெந்திதான் தொண்டையைச் செருமினார். “அப்போ... பச்சை மீன் கிடையாதா?”

“கிடையாதுங்க.”

“ஒரு துண்டுகூட?”

“இல்லைங்க. மன்னிச்சுக்கணும்.”

அறையில் எங்கிருந்தோ நீண்ட பெருமூச்சு ஒன்று கிளம்பியது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. பெந்தி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். “வீட்டுல ரெண்டு வாரமாப் பச்சை மீன் தின்னப் பழகிட்டிருக்கோம். கண்ணை மூடிக்கிட்டு, மூக்கைப் பிடிச்சுக்கிட்டு. நேத்து எங்கம்மா நேராவே கேட்டுட்டா, ஏன்டா, நம்ம வீட்டுல அடுப்பு இல்லையான்னு.”

“நான் அன்னிக்குக் காய்ச்சல்னு சொல்லிடலாம்னு இருந்தேன்,” என்றார் கத்தி தீட்டியவர்.

தலைவர் மட்டும் நின்றுகொண்டே இருந்தார். “பண்பாட்டு நிகழ்ச்சி ஒன்றை இப்படி... இரு இனங்களின் ஆன்மிக உறவு...”

“உக்காரு தௌனோ,” என்றாள் ஹெல்வி. மடியிலிருந்த கம்பளிப் பின்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ஜப்பான்ல பத்து நாளும் நீ வாழைப்பழமும் ரொட்டியும்தானே தின்னே. வழிகாட்டிப் பொண்ணு உனக்கு வயித்துல புண்ணுன்னே நினைச்சுட்டா. இந்த முதல் துண்டை நினைச்சு ஒரு வாரமா உனக்குச் சரியாத் தூக்கமே இல்லை.”

எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். துணைத் தலைமையாசிரியர் ஒருவர் வகுப்பில் பிடிபட்டதை அந்த ஊர் அதற்குமுன் பார்த்ததில்லை. அவர் அங்கியின் இடுப்புக் கயிற்றை மெல்லத் தளர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். அந்த முகத்தில் வந்தது கோபமில்லை. பல் பிடுங்கவேண்டியதில்லை என்று மருத்துவர் சொன்னால் வருமே, அந்தக் களை.

“வாழைப்பழம் அங்க ரொம்ப நல்லா இருக்கும்,” என்றார்.

“இருக்குமுங்க,” என்றாள் கஸுயோ.

“சரி, சாப்பாட்டுக்கு என்ன?” என்றாள் ரைலி. இங்கே எந்தத் துயரமும் இந்தக் கேள்வியில்தான் முடியும். “உங்க வீட்டுல நிஜமாவே என்னதான் தின்பீங்க?”

“பெட்டியில வர்ற குழம்பு.”

“எங்கிட்டயே சொல்லாம வச்சிருக்கியே. எத்தனை பேருக்கு வரும்?”

கஸுயோ அலமாரியை மனதில் ஓட்டிப் பார்த்தாள். “ஊருக்கே வருங்க,” என்றாள்.

விழா அன்று தேவாலயக் கூடத்துச் சமையலறையில் உருளைக்கிழங்கும் கேரட்டும் மலையாகக் குவிந்தன. பிர்ச் பலகைகள் காய் நறுக்க உதவின. தலைவர் அங்கிக் கைகளைச் சுருட்டிவிட்டுக்கொண்டு தோல் சீவினார். தடிமனாகச் சீவுகிறார் என்று ஹெல்வி சொல்ல, ராணுவத்தில் இப்படித்தான் சீவினோம் என்றார். பெந்தியின் மீன்கள் பின்வாசலில் புகையேறிக்கொண்டிருந்தன. கஸுயோ பாளங்களை உடைத்துப் பெரிய பானைகளில் போட்டாள். நான்கு பேர் முறை வைத்துக் கிண்டினார்கள்.

தலைமையுரை பசியின் காரணமாகச் சுருங்கிப்போயிற்று. தட்டுகள் நிறைந்தன. அப்புறம் யாரும் பேசவில்லை. ஜப்பானில் பத்துப் பேர் இப்படி வாய் திறக்காமல் சாப்பிட்டால் சமைத்தவள் சமையலறைக்குள் போய் அழுவாள். கஸுயோ இன்று பேச்சுக்குக் காத்திருக்காமல் தட்டுகளைப் பார்த்தாள். காலியாகிக்கொண்டிருந்தன. பெந்தி மூன்றாவது முறை எழுந்து போனார்.

தலைவர் கரண்டியை வைத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். “இது எங்க பள்ளிக்கூடச் சாப்பாடு. அதே பழுப்பு. அதே உருளைக்கிழங்கு. கொஞ்சம் காரம், அவ்வளவுதான்.” அவர் பார்வை தொலைதூரத்துக்குப் போயிற்று. “பழுப்புக் குழம்பில் இணைந்த இரு இனங்கள்,” என்றார் மெல்ல. மேசையில் இருந்தவர்கள் வேகமாகச் சாப்பிட ஆரம்பித்தார்கள். “கஸுயோ, அடுத்த கூட்டத்துல இதைப் பத்தி நீ ஒரு சொற்பொழிவு...”

“முடியாதுங்க,” என்றாள் கஸுயோ.

“ஆங். சரி,” என்றார் அவர். பானைப் பக்கம் எட்டிப் பார்த்தார். “அதுல இன்னும் இருக்கா?”

அவருக்கு ஊற்றிவிட்டுத் திரும்பும்போது ஹெல்வி அவள் முழங்கையைத் தொட்டாள்.

“ஞாயித்துக்கிழமை சாயங்காலம் காப்பிக்கு வா.”

“சங்கக் கூட்டமுங்களா?”

“கூட்டமெல்லாம் இல்லை. சும்மாதான். இவரு தூங்குவாரு.”

கஸுயோ தலையைச் சாய்க்கவில்லை, மூச்சையும் இழுக்கவில்லை. “வரேன்,” என்றாள்.