ஏறிக்கொண்டே போன எண்ணெய்

நசரத்பேட்டையில் நெடுஞ்சாலையை ஒட்டிய மெக்கானிக் பால்ராஜின் ஷெட்டுக்குள் லாரியை ஏற்றி நிறுத்திய பிறகும் துலுக்கானம் இறங்கவில்லை. ஆயில் பிரஷர் முள்ளையே முறைத்துக்கொண்டிருந்தான். இன்ஜின் ஆறியிருக்கும்வரை முள் மரியாதையாக நிற்கும். சூடேறியதும் குடிகாரன் தலை மாதிரி சாய்ந்துவிடும். இன்ஜின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பழைய மூக்கு வண்டி. மூன்று பேர் ஓட்டித் தேய்த்துக் கழித்தது. அதன் முதுகில் தண்ணீர்த் தொட்டியை ஏற்றிய அன்றே துலுக்கானம் ஓனர் ஆகிவிட்டான். அவன் அப்பன் அயனம்பாக்கத்தில் ஊரார் வயலில் நாற்றுப் பறித்தவர். மகனோ டீக்கடையில்கூட "ஓனருக்கு ஒரு டீ" என்று தானே சொல்லிக்கொள்வான்.

எண்பத்தேழாம் வருஷக் கோடை. அயனம்பாக்கம் ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. திருநின்றவூருக்கு அப்பால் ஒரு தோட்டக் கிணற்றிலிருந்து இந்த லாரி கொண்டுவரும் தண்ணீரில்தான் தெருவே உலை வைத்தது. முன்பு அதை ஓட்டியவன் ஜேம்ஸ். அதிகம் பேசமாட்டான். அதுவே அவனுக்கு வினையாகப் போயிற்று. பேசாதவனைப் பற்றி எதை வேண்டுமானாலும் பேசலாமே.

ஊரில் எல்லா லாரியிலும் ஆயில் குறையும். துலுக்கானம் லாரியில் மட்டும் ஏறியது. அளவுக் கம்பியை உருவிப் பார்த்தால் கோட்டுக்கு மேலே பளபளவென்று நிற்கும். அவன் மனைவி நாகவல்லி அதை அம்மன் மகிமை என்றாள். வெள்ளிக்கிழமைதோறும் தேங்காய் உடைத்தாள். அளவுக் கம்பிக்கே மஞ்சள் பூசிப் பொட்டு வைத்த பெண் அந்த வட்டாரத்தில் அவள் ஒருத்திதான். தெருப் பெண்களும் சும்மாவா இருந்தார்கள்? வந்து தொட்டுக் கும்பிட்டார்கள்.

பிறகு முள் சாய ஆரம்பித்தது. கம்பியை மோந்தால் டீசல் வாடை. "ட்ரைவரு நல்ல ஆயில எறக்கி வித்துட்டு, டீசல ஊத்தி ரொப்பி வெக்கிறான் மாமே" என்று டீக்கடையில் எவனோ சொன்னான். மகிமை ஒரே நாளில் திருட்டாகிவிட்டது.

துலுக்கானம் ஜேம்ஸை டீக்கடை முன்னால் நிறுத்திச் சட்டையைப் பிடித்தான். அறைந்தான். நாகவல்லி வெற்றிலையில் கற்பூரத்தைக் கொளுத்திக்கொண்டு வந்தாள். கையால் அடித்து அணைத்துச் சத்தியம் பண்ணினால் போதும், பிரச்சினை முடிந்தது. ஜேம்ஸ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"நா வேதக்காரன், அண்ணாத்தே. கற்பூரம் அணைக்கமாட்டேன். பைபிள் எத்தாரச் சொல்லு, கை வெக்கிறேன்."

யார் வீட்டிலும் பைபிள் இல்லை. அவன் வீட்டுக்குப் போய் எடுத்துவரும்வரை காத்திருக்க யாருக்கும் பொறுமையும் இல்லை. கற்பூரம் தானாக எரிந்து அணைந்தது. கூட்டம் தீர்ப்பைக் கையோடு வீட்டுக்கு எடுத்துப் போயிற்று. எந்த ஷெட்டிலும் அவனுக்கு வண்டி கிடைக்கவில்லை. ஒருநாள் வேலை தேடிப் போனவன் திரும்பி வரவில்லை. செங்குன்றத்தில் லாரி கழுவுகிறான் என்றது ஒரு வாய். ஆந்திராவில் வேறொருத்தியோடு இருக்கிறான் என்றது அதே வாய், மறுவாரம். அவன் மனைவி புஷ்பா மட்டும் யாரிடமும் எதையும் விசாரிக்கவில்லை. தண்ணீர் வரிசையில் அவள் குடங்கள் கடைசிக்குத் தள்ளப்பட்டன. தொட்டியின் அடியில் மிஞ்சிய துருத்தண்ணீர்தான் அவளுக்கு.

இப்போது துலுக்கானமே ஓட்டுகிறான். புது ஆயில் ஊற்றியாகிவிட்டது. ஆனாலும் முள் சாய்கிறது.

"போறப்போ எதையோ பண்ணி வெச்சிட்டுப் போய்ட்டான், பால்ராஜு" என்றபடி இறங்கினான். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டே வந்திருந்தான்.

பால்ராஜ் முதலில் வேறொரு மீட்டரை மாட்டிப் பார்த்தான். அதுவும் சாய்ந்தது. கம்பியை உருவி, எண்ணெயை விரலிடுக்கில் தேய்த்து மோந்தான். வண்டியை ஆறவிட்டு அடியில் படுத்து, ஆயில் தேங்கும் சம்ப்பின் அடைப்பைக் கழற்றினான். எண்ணெய் தண்ணீராட்டம் கொட்டியது. கடைசிச் சொட்டு நிற்கும்வரை காத்திருந்து வெளியே வந்தான்.

"ஓனரே, நீ கீழ குந்தி அந்த ஓட்டையப் பாத்துகினே இரு."

துலுக்கானம் குந்தினான். பால்ராஜ் இன்ஜின் விலாவில் இருந்த டீசல் பம்பின் சின்னக் கைப்பிடியை மேலும் கீழும் அசைத்தான். டீசல் குழாய் வழியே மேலே போக வேண்டும். சம்ப்பின் ஓட்டையில் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று. அசைக்க அசைக்க நூலாக ஒழுகியது. துலுக்கானம் விரலில் ஏந்தினான். சுத்தமான டீசல்.

"பம்புக்குள்ள டயாபிரம் ரப்பரு கிழிஞ்சிகீது, நைனா. யாரும் ஊத்தல. உன் வண்டியே ஊத்திக்கினு கீது. நீர்த்துப்போன ஆயில்ல ஓட்டி பேரிங்கும் தேஞ்சிருக்கும். ரெண்டையும் மாத்திட்றேன், முள்ளு நிக்கும்." பால்ராஜ் கையைத் துடைத்தான். "அந்தாளு ஊட்டுக்காரி உங்க தெருவுலதான கீது? நீ சொல்றியா, நா வந்து சொல்லட்டா?"

"நீ வாயத் தொறக்காத. நா பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதான்: வண்டி தயாராகி முதல் நடை வந்த அன்று, வரிசையின் கடைசிக்குப் போய்ப் புஷ்பாவின் இரண்டு குடங்களையும் தானே தூக்கிவந்து குழாயடியில் வைத்தான். முள் நேராக நின்றதை வழியெல்லாம் பார்த்திருந்தான். ஆனால் அன்று அறைந்த அறை மட்டும் நேராகவில்லை. தண்ணீரைக் கொடுத்துவிட்டால் அதுவும் நேராகும் என்று நினைத்தான் போல. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாகவல்லியின் முகம் சுண்டியது. குடங்கள் தெளிந்த தண்ணீரால் நிரம்பித் தளும்பின.

புஷ்பா குடத்தைத் தொடவில்லை. "இன்னாண்ணே, எனக்கு மொதோ குடம்? வண்டில இன்னா ரிப்பேராம்?"

"பம்புதான்... உள்ள கிழிஞ்சிருந்தது." அவள் காதுக்கு மட்டும் எட்டுகிற குரல்.

"சத்தமாச் சொல்லு. அன்னிக்கி டீக்கடையாண்ட போட்ட சத்தம் எங்க போச்சி?"

துலுக்கானம் வாயைத் திறந்தான். தெரு மொத்தமும் அந்த வாயையே பார்த்தது. நாகவல்லியும் பார்த்தாள்.

"புட்சிகினு போம்மா. வெயில்ல எல்லாரும் நிக்கறாங்க."

புஷ்பா குனிந்து ஒரு குடத்தைச் சாய்த்தாள். பிறகு மற்றதையும். அவசரமே இல்லை, அரிசி களைந்த நீரை வடிப்பதுபோலச் சாய்த்தாள். வெறுங்குடங்களை இரண்டு இடுப்பிலும் இடுக்கிக்கொண்டு நடந்தாள்.

தண்ணீர் புழுதியை உருட்டிக்கொண்டு பெண்களின் கால்களுக்கிடையே ஓடியது. யாரும் காலை நகர்த்தவில்லை. வரிசையிலிருந்து ஒருத்தி மட்டும் சட்டென்று குந்தி, ஒரு சொம்பை மண்ணோடு சாய்த்துப் பிடித்து, ஓடுகிற சேற்றுத் தண்ணீரை வழித்துக்கொண்டிருந்தாள்.