இடது கன்னம்

பதினொரு மணிக்கே இளையவனின் வலது தோள் விண்விண்ணென்று தெறிக்கத் தொடங்கிவிட்டது. பதினாலு வருஷம் சம்மட்டி தூக்கிய தோள். ஆரம்பத்தில் எவ்வளவு வலித்தாலும் குப்புறப் படுத்து எழுந்தால் போய்விடும். இப்போது உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு மவுசை நகர்த்தி நகர்த்தி வருகிற வலி, கழுத்தில் ஏறிக் காதுக்குப் பின்னால் குந்திக்கொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. சம்மட்டி பிடித்த கைக்கு எலி பிடிக்க வரவில்லையா என்று கடை முதலாளி கேட்பார். ஒன்பது வருஷமாக அதே கேலி. இளையவனும் ஒன்பது வருஷமாகச் சிரித்துவைக்கிறான்.

கடையில் அவனைப் புள்ளி என்றுதான் கூப்பிடுவார்கள். படத்தைப் புள்ளியாக்குவது அவன் வேலை. யாராவது ஒரு போட்டோவைக் கொண்டுவந்து கொடுத்தால், பின்னால் இருக்கும் சுவர், மரம், அடுத்தவன் தோள் எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டு ஆளை மட்டும் தனியே எடுப்பான். பிறகு அந்தத் தட்டை முகத்துக்கு மேடு பள்ளம் கொடுக்க வேண்டும். கணினி தானாகவே ஒன்று போட்டுக் கொடுக்கும். அதை நம்பினால் மூக்கு கத்தரிக்காய் மாதிரி நிற்கும், காது தலைக்குள் போய்விடும். அதனால் முகத்தின் ஆழத்தை அவன் கையாலேயே சாம்பல் நிறத்தில் பூசுவான். முன்னால் வர வேண்டியது வெள்ளை, பின்னால் போக வேண்டியது கறுப்பு. எல்லாம் சரியாக வந்தபின் முகம் லட்சக்கணக்கான புள்ளிகளாகப் பிரிந்து பின்னறை இயந்திரத்துக்குப் போகும். அங்கே லேசர் ஒளி கண்ணாடிக் கட்டியின் மேல்தோலைத் தொடாமல் உள்ளே இறங்கி, ஒவ்வொரு புள்ளியாகச் சுடும். முக்கால் மணி நேரத்தில் கட்டிக்குள் ஒரு ஆள் நிற்பான், புகையால் செய்தது போல.

அன்று மேசைமேல் நின்றது அவனுடைய அண்ணன்.

அண்ணன் செத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அண்ணன் மகளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்து, ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறாள். அப்பாவையும் கூட்டிக்கொண்டுதான் போவேன் என்று தன் அம்மாவிடம் ஒற்றைக் காலில் நின்றிருக்கிறாள். அண்ணி வேறு எங்கே போவாள், கொழுந்தன் வேலை செய்கிற கடைக்குத்தான் வந்தாள். அவள் கொடுத்த போட்டோ பழைய இரும்புப் பட்டறையின் வாசலில் எடுத்தது. அண்ணன் எந்தப் படத்துக்கு நின்றாலும் வலது கன்னத்தைத்தான் காட்டுவான். இடது பக்கம் சுவருக்கோ யாருடைய முதுகுக்கோ போய்விடும். இந்தப் படத்திலும் இடது பாதி கதவின் நிழலில் கறுத்துக் கிடந்தது.

இப்படிப் பாதி மறைந்த முகங்களுக்குக் கடையில் ஒரு வழி உண்டு. தெரிகிற பாதியை நகலெடுத்து, திருப்பிப் போட்டு, மறைந்த பாதியில் ஒட்டிவிடுவார்கள். மனுஷ முகம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்காது, ஆனாலும் அங்கங்கே தட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது. ஒட்டுவதற்கு முன்னால் மட்டும் வீட்டுக்குப் போன் போட்டு, மச்சம் உண்டா, தழும்பு உண்டா, வகிடு எந்தப் பக்கம் என்று கேட்டே ஆக வேண்டும். கேட்டதும் ஆர்டர் சீட்டில் 'விசாரித்தது' என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும். இளையவன் போன் போடவில்லை, டிக் மட்டும் போட்டான். கூடப்பிறந்தவன் முகத்துக்கு யாரைப் போய் விசாரிப்பது? வலது பாதியைத் திருப்பினான், ஒட்டினான், இயந்திரத்துக்கு அனுப்பினான். ஒரு நாளைக்கு ஏழெட்டு முகம் ஒட்டுகிற கை, பழக்கத்தில் செய்துவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொல்லிக்கொண்டதை அவனே நம்பவில்லை.

பன்னிரண்டரைக்கு அண்ணி வந்தாள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் போர்வை தேய்க்கிற வேலை அவளுக்கு. சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்திருந்தாள். விரல் நுனியெல்லாம் நீராவியில் வெளுத்துச் சுருங்கியிருந்தன. இளையவன் கட்டியை விளக்குப் பெட்டிமேல் வைத்துக் கீழிருந்து வெளிச்சத்தைப் போட்டான். அண்ணன் எழுந்து நின்றான்.

அண்ணி குனிந்து பார்த்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு கட்டியை இரண்டு கையாலும் தூக்கி, திருப்பிவைத்துப் பின்பக்கமாகப் பார்த்தாள்.

"என்ன அண்ணி தேடுறீங்க?"

"கன்னத்துல கோடு இருக்கும்ல தம்பி. ஒருவேளை பின்பக்கமா போயிருச்சோன்னு பார்த்தேன்."

அவள் கட்டியை முன்பக்கமாகத் திருப்பிவைத்தாள்.

"ஆளு நல்லாத்தான் இருக்காரு. பொண்ணு பார்க்க வந்தவர் மாதிரி. ஆனா எங்க வீட்ல இருந்தவரு இவரில்ல."

கல்லாவில் இருந்த முதலாளி எட்டிப் பார்த்தார். சீட்டை எடுத்துப் படித்தார். விசாரித்ததாக டிக் போட்டிருக்கிறாயே, யாரை விசாரித்தாய் என்று கேட்டார். நான் அவனோடு கூடப்பிறந்தவன் என்றான் இளையவன். கூடப்பிறந்தவனுக்கே அண்ணன் மூஞ்சியில் இருந்த தழும்பு தெரியவில்லை என்றால் ஊரான் வீட்டு மூஞ்சியை எந்த லட்சணத்தில் செய்கிறாய் என்று அவர் கேட்டார். சுட்ட புள்ளியை அழிக்க வழி கிடையாது. வேறு கட்டிதான் எடுக்க வேண்டும். முதலாளி முனகிக்கொண்டே எடுத்துவைத்தார்.

மகள் குழந்தையாக இருந்தபோது அந்தக் கோட்டைத் தடவினால்தான் தூங்குவாள் என்று அண்ணி சொன்னாள். இந்த வழவழப்பான ஆளைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தால் மூஞ்சியிலேயே எறிவாள். அண்ணி போனில் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு வந்து நாற்காலியை இழுத்து அவன் பக்கத்திலேயே போட்டுக்கொண்டாள்.

"போடு. எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு நான் சொல்றேன். மருந்து வச்ச கை இது."

இளையவன் அண்ணனின் முகத்தைத் திரையில் திறந்தான். அந்தக் கோடு எங்கே ஆரம்பித்தது என்பது இந்த உலகத்தில் மிச்சமிருக்கும் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. இளையவன் பட்டறைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அண்ணன் சேர்த்துவிட்ட வேலை. அண்ணன் குந்தி உட்கார்ந்து உளியை இடுக்கியால் பிடிப்பான், இளையவன் நின்று சம்மட்டி போடுவான். அடி வாங்கி வாங்கி உளியின் தலை காளான் மாதிரி விரிந்து ஓரமெல்லாம் பிசிறும். அதைத் தினமும் காலையில் சாணையில் தேய்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பிசிறு தெறிக்கும். தேய்க்க வேண்டியது சம்மட்டி போடுகிறவன். அண்ணன் மூன்று நாளாகச் சொன்னான். அப்புறம் தேய்க்கிறேன், அப்புறம் தேய்க்கிறேன் என்று மூன்று நாளும் தட்டிக்கழித்தான் இளையவன். நாலாம் நாள் முதல் அடியிலேயே ஒரு பிசிறு கிளம்பி அண்ணனின் தாடையில் குத்தி, கன்னத்தைக் கிழித்துக்கொண்டு மேலே போய்க் கண்ணுக்குக் கீழே நின்றது. கண் தப்பியது. நரம்பு அறுந்ததில் இமை தப்பவில்லை. பாதி இறங்கி அப்படியே நின்றுவிட்டது.

அடுத்த வாரம் கிரேன் ஓட்டுகிற இருக்கையில் ஏற வேண்டியவன் அண்ணன். பாதிக் கண்காரனை யார் ஏற்றுவார்கள்? பட்டறைச் சுமைக்கே போனான். சுமை தூக்கித் தூக்கியே நெஞ்சும் போனது.

கொட்டகையில் அப்போது அவர்கள் இரண்டு பேரும்தான் இருந்தார்கள். இளையவன்மேல் ஏற்கெனவே ஒரு புகார் இருந்தது. இன்னொன்று வந்தால் வேலை இருக்காது. கன்னத்தில் துணியை அமுக்கிக்கொண்டு அண்ணன் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான்: "வாயைத் தொறந்தே, பல்லைப் பேத்துருவேன்." வழுக்கித் தகரக் குவியல்மேல் விழுந்துவிட்டதாக எல்லாரிடமும் சொன்னான். கட்டினவளிடமும் அதையே சொன்னான்.

அண்ணி அதை விடவில்லை. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு கிரேன்காரன் பெண்டாட்டி ஆகப்போகிறோம் என்று இருந்தவள். வாடகை வீடு மாறும்போதெல்லாம், அண்ணன் இருமும்போதெல்லாம் அவள் சொன்ன சொல் ஒன்றுதான்: கண்ணு என்ன முதுகுலயா இருந்துச்சு? கண்ணெதிரே கிடக்கிற தகரம் தெரியாத ஆளைக் கட்டிக்கொண்டு நான் படுகிற பாடு என்பாள். அண்ணன் சோற்றைப் பிசைந்தபடி சிரிப்பான். பாதி வாய்தான் சிரிக்கும். எதிரே உட்கார்ந்து அதே குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்திருப்பான் இளையவன். பிற்பாடு அவன் தோள் கெட்டபோது கணினி வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டதும் அண்ணன்தான். எனக்குத்தான் ஒரு கண் அரைக் கண், உனக்கு இரண்டும் முழுசாக இருக்கிறதே, உட்கார்ந்து பார்க்கிற வேலைக்குப் போ என்றான். குத்திக்காட்டவில்லை. அப்படிச் சொல்லத் தெரியாதவன். அதனால்தான் அது இன்றுவரை குத்துகிறது.

"கண்ணுக்குக் கீழ ஒரு விரல் தள்ளி ஆரம்பி" என்றாள் அண்ணி. "அப்படியே காதுப் பக்கமா சாஞ்சு..."

அவள் முடிப்பதற்குள் கோடு தாடைவரை வந்துவிட்டது. நடுவில் லேசாக ஒரு வளைவு. அதையும் அவள் சொல்லவில்லை.

வெறும் போட்டோவாக இருந்தால் வேலை அத்தோடு முடிந்திருக்கும். கண்ணாடிக்குள் போகிற முகத்துக்குக் கோடு மட்டும் போதாது. எந்த இடத்தில் எவ்வளவு பள்ளம் என்று சொல்லாவிட்டால் தழும்பு கன்னத்தில் ஒட்டின நூல் மாதிரி நிற்கும். இளையவன் கறுப்பை எடுத்தான். தாடை முனையில் அழுத்திப் பூசினான். மேலே போகப் போக வெளுப்பாக்கி, கண்ணுக்குக் கீழே ஒன்றுமில்லாமல் கரைத்தான். கை தானாகப் போனது. வலித்துக்கொண்டிருந்த தோள்கூட அந்த நேரம் மரத்துவிட்டது.

"நில்லு" என்றாள் அண்ணி.

அவன் கை நின்றது.

அவள் திரையை நெருங்கி, சுருங்கின விரலால் தாடை முனையைத் தொட்டாள். "சரிதான். கீழதான் ஆழம். மருந்து வைக்கிறப்போ என் விரல் இங்கதான் பதியும்." அவன் பக்கம் திரும்பினாள். "நான் சொல்லவே இல்லையே தம்பி. உனக்கு எப்படித் தெரியும்?"

"பார்த்துப் பழகின முகம்தானே அண்ணி."

"பார்த்தா கோடுதான் தெரியும். ஆழம் தொட்டவளுக்குத்தான் தெரியும்."

அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பின்னறையில் இயந்திரத்தின் காற்றாடி இரைந்தது. அண்ணி இன்னும் விரலை எடுக்கவில்லை. தாடையிலிருந்து கண்வரை மெதுவாக நகர்த்தினாள், பிறகு கண்ணிலிருந்து தாடைக்கு இறக்கினாள்.

"குப்புற விழுந்தா மேல குத்தி கீழ்ப்பக்கமால்ல கிழிச்சுட்டு வரும்? இது கீழ குத்தி மேல ஏறியிருக்கு. இத்தனை வருஷம் மருந்து வச்சிருக்கேன், இதை நான் யோசிக்கவே இல்ல பாரேன்."

கேட்டது அவனைத்தான். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூடக் கதவு இவ்வளவு திறந்தது கிடையாது. பல்லைப் பேர்க்கிறேன் என்றவன் கட்டிக்குள் போய்விட்டான். இனி யாருக்கும் வேலை போகப்போவதில்லை. உளி என்ற சொல் இளையவனின் நாக்கு நுனிவரை வந்தது.

"தகரம் எப்படிக் கெடந்துச்சோ, யார் கண்டா?" என்றான்.

அண்ணி அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் மவுசைப் பார்த்தான்.

"அதுவும் சரிதான்" என்று விரலை எடுத்துக்கொண்டாள். "பார்த்து நடக்கத் தெரியாத மனுஷனுக்குக் கீழ என்ன, மேல என்ன."

அதன் பிறகு இமையைப் பாதி இறக்கினான், வாயின் இடது ஓரத்தைச் சிரிப்பில்லாமல் செய்தான். ஒவ்வொன்றுக்கும் அண்ணி தலையாட்டினாள். புள்ளியாக்கி அனுப்பினான். கட்டி சுட்டு முடிகிறவரை அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். முதலாளி டீ வாங்கிக் கொடுத்தார். அவள் குடிக்கவில்லை, அது ஆடை கட்டியது.

விளக்குப் பெட்டிமேல் வைத்ததும் அவள் கிட்டக் குனிந்தாள். தழும்பு இருந்த இடத்தில் புள்ளிகள் ஒதுங்கிப் பள்ளம் விட்டிருந்தன. விரலை நீட்டி அந்த இடத்தைத் தடவினாள். வழவழவென்றிருந்தது. மறுபடியும் தடவினாள்.

"கைக்கு எட்டாது அண்ணி. உள்ள இருக்கு."

"அப்போ அவ பார்த்துக்கிட்டேதான் தூங்கணும்" என்றாள். பிறகு கட்டிக்கு முகத்தைக் கிட்டக் கொண்டுபோய், யாருக்கும் கேட்காது என்ற நினைப்பில் மெல்லக் கேட்டாள்: "கண்ணு என்ன முதுகுலயா இருந்துச்சு, ம்?"

திட்டுகிற குரல் இல்லை. அதை இளையவன் திட்டாகவே கேட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

கட்டியைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு அண்ணி வெளியே இறங்கினாள். தெருமுனைவரை போய்விட்டாள். இளையவன் எழுந்து ஓடி, மூச்சு வாங்க, "அண்ணி" என்று கூப்பிட்டான். அவள் நின்று திரும்பினாள். பக்கத்தில் லாரியிலிருந்து சாக்கு இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன தம்பி?"

"பஸ்ஸுல கூட்டமா இருக்கும். மடியிலயே வச்சுக்குங்க. கீழ விட்டா உடைஞ்சுரும்."

"இருபத்திரண்டு வருஷம் வச்சுக் காப்பாத்தினவளுக்கு நீ சொல்லணுமா?" என்றுவிட்டு அவள் போனாள்.

கடைக்குத் திரும்பியபோது பழைய கட்டி மேசைமேலேயே இருந்தது. இரண்டு கன்னமும் நன்றாக இருக்கிற அண்ணன், கிரேன் இருக்கையில் ஏறப்போகிறவன். தோள்வலி மறுபடியும் காதுக்குப் பின்னால் வந்து குந்தியது. இளையவன் விளக்குப் பெட்டியை அணைத்தான்.

அண்ணன் வழுக்கி விழவில்லை. உளியைத் தேய்க்காதவன் இளையவன், அடித்ததும் அவன் கைதான். இது அண்ணிக்கு அவன் சொல்ல வேண்டிய கடன். அன்றும் சொல்லவில்லை.