நாற்பத்தெட்டு மணி நேரம்

ஆய்வகத்தில் பாக்டீரியா வளர்க்கிற இன்குபேட்டரின் அடியில் ஈரத்துக்காகத் தண்ணீர் வைக்கிற கிண்ணத்தைக் கழுவலாம் என்று வெளியே இழுத்தபோதுதான் மூடிபோட்ட ஒரு சின்ன வளர்ப்புத் தட்டு கண்ணில் பட்டது. பின்சுவரை ஒட்டி ஒதுங்கிக் கிடந்தது. மணி எட்டே கால். ஆய்வு அதிகாரி பதினோரு மணிக்கு வருகிறார். வருகிற மனிதர் இன்குபேட்டருக்குள் தலையை விட்டா பார்க்கப் போகிறார், இன்றைக்குப் போய் கிண்ணம் கழுவ வேண்டுமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். யோசித்ததோடு நிறுத்தியிருக்கலாம். என் சுத்தப் பைத்தியம் என்னை விட்டால்தானே.

தட்டின் அடியில் என் கையெழுத்து. மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி, பாக்டீரியாவின் எண், பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கோடு. சிவப்புக் கோடு போட்டால் தட்டிலுள்ள அகர்க் கூழில் ஆன்டிபயாடிக் கலந்திருக்கிறது, அதில் எதுவும் முளைக்கக் கூடாது என்று அர்த்தம். முளைத்திருந்தது. ஒன்றே ஒன்று, குண்டூசித் தலையளவு, வெள்ளையாக. விளக்கில் பிடித்துப் பார்த்தேன், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அது அங்கேயேதான் இருந்தது.

எங்கள் ஆய்வகத்தில் பாக்டீரியாவின் மரபணுவைத் திருத்துகிறோம். வேண்டாத ஒரு துண்டை வெட்டி எடுக்கிறோம், அவ்வளவுதான். ஆனால் கோடிக்கணக்கில் நெளிகிற கூட்டத்தில் எது வெட்டுப்பட்டது என்று தெரிய வேண்டுமே. அதற்காக மருந்தைத் தாங்கும் மரபணு ஒன்றை அடையாளத்துக்கு உள்ளே வைத்து, வேலை முடிந்ததும் அதையும் எடுத்துவிடுவோம். சட்டம் கறாராக நிற்பது இந்த இடத்தில்தான். அடையாள மரபணு போய்விட்டதென்றால் ஒரு படிவத்தில் தெரிவித்துவிட்டுச் சாதாரண மேசையிலேயே வேலை செய்யலாம். போகவில்லையென்றால் தனி உரிமம், தனி அறை, இரட்டைக் கதவு. போய்விட்டது என்பதற்குச் சாட்சி, மருந்துத் தட்டில் நாற்பத்தெட்டு மணி நேரம் ஒன்றும் முளைக்காமல் இருப்பது. இருந்து பார்த்தவர் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பார்த்தவள் நான். பதினோரு வருடமாக நான்தான் பார்க்கிறேன்.

பாக்டீரியா என்னுடையதல்ல, கடுகுடையது. ஆராய்ச்சி மாணவி. ஆள் என் தோள் உயரம்கூட இல்லை, ஆனால் சூடேறினால் பொரிந்துவிடுவாள் என்பதால் நான் வைத்த பெயர் அது. மூன்று வருடம் இந்த ஒரு திருத்தத்தோடு மல்லுக்கட்டியவள். இன்னும் பத்து நாளில் வாய்மொழித் தேர்வு. என் கையெழுத்தை நம்பி இரண்டு வாரமாகத் திறந்த மேசையில் அதை வளர்த்துக்கொண்டிருக்கிறாள்.

அவள் எட்டரைக்கு வந்தாள், தலையைக்கூடச் சரியாகத் துவட்டாமல். தட்டை அவள் கையில் கொடுத்தேன். பார்த்தாள், தேதியைப் பார்த்தாள், சிரித்தாள். மூன்று வாரம் முப்பத்தேழு டிகிரியில் கிடந்தால் மருந்து செத்துப்போயிருக்கும், செத்த மருந்தில் எதுதான் முளைக்காது, இதற்குப் போய் முகத்தை இப்படித் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறீர்களே என்று கேலி செய்தாள். அவள் சொன்னது நியாயம்தான். எந்தப் பாடப்புத்தகமும் அதைத்தான் சொல்லும்.

"நாப்பத்தெட்டு மணி நேரத்துல நீங்க பாத்தப்ப சுத்தமாத்தானேக்கா இருந்துச்சு? அப்புறம் என்ன?"

நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். அந்த வெள்ளிக்கிழமை தட்டுகளைப் பார்த்தது இருபத்திரண்டு மணி நேரத்தில். இரண்டு தட்டு போட்டிருந்தேன். ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன், துளிகூட இல்லை. அதற்குள் பள்ளிக்கூடத்திலிருந்து போன், மகளுக்குக் காய்ச்சல், வாந்தி, உடனே வரச் சொன்னார்கள். அடுத்த இரண்டு நாள் விடுமுறை. எத்தனை முறை பார்த்தாயிற்று, ஒருநாளில் வராதது மறுநாள் வந்ததே இல்லை என்று என் அனுபவத்தின் மேல் எனக்கு அப்படி ஒரு திமிர். பதிவேட்டில் 'நாற்பத்தெட்டு மணி நேரம், வளர்ச்சி இல்லை' என்று எழுதிக் கையெழுத்தைக் கிறுக்கி, தட்டை, கொதிநீராவியில் கிருமியைக் கொல்கிற ஆட்டோகிளேவுக்குப் போகும் பையில் போட்டுவிட்டு ஓடினேன். இரண்டாவது தட்டு நினைப்பில் இல்லவே இல்லை.

இதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. கடுகு பொரிவாள் என்று எதிர்பார்த்தேன். பொரியவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு கழிவுத் தொட்டிக்குப் போனாள். கால்மிதியை அழுத்தினாள், மூடி திறந்தது. உள்ளே சிவப்புப் பை. கையை நீட்டிக்கொண்டு நின்றாள். போட்டால் ஒன்பதரைக்கு ஆட்டோகிளேவ், பத்தரைக்கு அது வெறும் பிளாஸ்டிக் கட்டி. நான் தடுக்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், போட்டுவிடு தாயே என்றுதான் மனசு கெஞ்சியது.

மூடி விழுந்த சத்தம் கேட்டது. தட்டு அவள் கையிலேயே இருந்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே வந்து பாத்திருப்பேன்க்கா. என் வீட்டுலேர்ந்து பத்து நிமிஷம்."

என் முகத்தைப் பார்க்காமல் தட்டை மேசையில் வைத்தாள். சட்டப்படி, சந்தேகம் வந்த அன்றைக்கே தெரிவிக்க வேண்டும். அது அவளுக்கும் தெரியும்.

"நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா கோள் மூட்டுன மாதிரி ஆயிடும்."

அதிகாரி சொன்ன நேரத்துக்கு வந்தார். பெரிய மீசையும் அதட்டலுமாக ஒருவரை நான் கற்பனை செய்திருந்தேன். வந்தவர் ஒல்லியாக, ஜலதோஷம் பிடித்து, கைக்குட்டையும் கையுமாக இருந்தார். வெந்நீர் கிடைக்குமா என்று கேட்டார். கதவு, கை கழுவும் இடம், ஆட்டோகிளேவ் எல்லாம் பார்த்துவிட்டு உட்கார்ந்து பதிவேட்டைத் திறந்தார். ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை வைத்துப் படிக்கிற ஆள். விரல் அந்தப் பக்கத்துக்கு வந்தது. என் வரியில் ஊர்ந்தது. 'நாற்பத்தெட்டு' என்ற இடத்தில் நின்றது. தும்மல் வந்து நின்றிருக்கிறது. தும்மினார், மூக்கைத் துடைத்தார், பக்கத்தைத் திருப்பினார்.

தப்பித்தாயிற்று. அடுத்த பக்கத்தில் ஒன்றும் இல்லை, அதற்கடுத்ததிலும் இல்லை. பதிவேடு ரொம்ப ஒழுங்காக இருக்கிறது, இப்படி எல்லா ஆய்வகத்திலும் இருந்தால் என் வேலை சுலபம் என்று பாராட்டு வேறு. கடுகு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவள் திரும்பி என்னைப் பார்த்திருந்தால்கூட நான் வாயை மூடிக்கொண்டிருப்பேனோ என்னவோ. திரும்பவேயில்லை.

"சார், ரெண்டு பக்கம் முன்னாடி திருப்புங்க," என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சல், விடுமுறை என்று ஆரம்பித்தவள், அதெல்லாம் எதற்கு என்று தோன்றி, இருபத்திரண்டு மணி நேரத்தில் பார்த்துவிட்டு நாற்பத்தெட்டு என்று எழுதினேன் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். தட்டை வாங்கிப் பார்த்தார். தேதியைக் கணக்குப் போட்டு, மருந்து வீரியம் போயிருக்க நிறையவே வாய்ப்பு என்று அவரும் சொன்னார். ஆனால் வாய்ப்பு என்பதைப் படிவத்தில் எழுத முடியாதே. தன் கண் முன்னால் அந்தப் புள்ளியை எடுத்துப் புதுத் தட்டில் தேய்க்கச் சொன்னார். மருந்து கலந்தது ஒன்று, கலக்காதது ஒன்று. கம்பியைச் சுட்டு ஆறவைத்து, புள்ளியை அதில் தொட்டு எடுத்து இரண்டு தட்டிலும் தேய்த்தேன். இரண்டு தட்டையும் பழுப்பு உறைக்குள் வைத்து ஒட்டி, ஒட்டிய இடத்தின் குறுக்கே மூன்று பேரையும் கையெழுத்துப் போடச் சொன்னார். மணி பதினொன்று இருபது. முடிவு தெரியும்வரை கடுகின் பாக்டீரியாவை யாரும் தொடக் கூடாது.

"மருந்துத் தட்டுல இது வளரலைன்னா இவங்க வேலையைத் தொடரலாம்மா. வளந்துட்டா உரிமம் இல்லாம ரெண்டு வாரம் வேலை செஞ்சதா ஆகும், எல்லாத்தையும் அழிக்கணும், மூணு வருஷத்ததும் சேத்து." மூக்கை உறிஞ்சினார். "ரெண்டுல எது ஆனாலும் நீங்க தப்பா எழுதுனது எழுதுனதுதான். அதை நான் மேல அனுப்பியாகணும்."

என் பங்குக்குத் தீர்ப்பு அங்கேயே முடிந்துவிட்டது. விசித்திரம், அதில் எனக்குப் பெரிய கலக்கம் இல்லை. கலக்கமெல்லாம் அந்த உறையின் மேல்தான். மறுநாள் இன்குபேட்டரைத் திறக்கும்போதெல்லாம் அது கண்ணெதிரே இருந்தது. மூலையைப் பிடித்துக் கொஞ்சம் தூக்கி விளக்கில் காட்டினால் நிழலாவது தெரியாதா என்று கை பரபரத்தது. தொடவில்லை. காலை ஒன்பது இருபது ஆனபோது இருபத்திரண்டு மணி நேரம் என்று மனசு தானாகச் சொன்னது. அந்த வெள்ளிக்கிழமை நான் பை மாட்டிக்கொண்டு கிளம்பிய நேரம். இன்னும் இருபத்தாறு மணி நேரம் பாக்கி இருந்தது. நான் பார்க்காமல் விட்ட அதே இருபத்தாறு. வீட்டில் மகள், ஏம்மா சும்மா சும்மா மணியைப் பாக்குற என்று கேட்டாள். அவளுக்கு என்ன சொல்ல. அந்த இரண்டு நாளும் கடுகு வந்தாள், மேசையைத் துடைத்தாள், என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

மூன்றாம் நாள் அதிகாரி பதினொன்றே காலுக்கே வந்துவிட்டார். ஜலதோஷம் தொண்டைக்கு இறங்கியிருந்தது. ஐந்து நிமிடம் காத்திருப்போம் என்று சைகையிலேயே சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ஐந்து நிமிடமும் ஃபிரீசர் இரைகிற சத்தம் மட்டும். இருபது ஆனதும் உறையை எடுத்துக் கத்தரி வைத்தார். அது என் கையெழுத்துக்குக் குறுக்கே ஓடியது. முதல் தட்டை உருவினார், மருந்தில்லாதது. கோடு கோடாக, நான் தேய்த்த வழியெல்லாம் செழிப்பாக முளைத்திருந்தது. உயிர் இருக்கிறது. பிறகு உறையை அப்படியே என் பக்கம் நீட்டினார்.

"நீங்களே எடுங்கம்மா."

உள்ளே கையை விட்டேன். தட்டு வெதுவெதுப்பாக இருந்தது. சிவப்புக் கோடு விரலுக்கு அடியில் வந்தது. எது வளர வேண்டும், எது வளரக் கூடாது என்று காலமெல்லாம் பார்த்துச் சொன்னவள், கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றேன். அப்போது என் கையோடு ஒரு தோள் வந்து ஒட்டியது. கடுகு. அவள் தலையிலிருந்து ஈரத் துளி ஒன்று என் முழங்கையில் விழுந்தது.

"பாருங்கக்கா," என்றாள்.

தட்டை விளக்குக்கு நேரே தூக்கினேன். மூடியின் உட்புறம் முழுக்க வியர்த்திருந்தது. அடிப்பக்கத்தை எங்கள் பக்கமாக மெல்லத் திருப்பினேன்.