கடப்பாரை

கருங்குழிக்குப் பக்கத்தில் விஜயகுமாரியின் கொல்லையில், வேர்க்கடலை மூட்டை அடுக்க வாங்கிய பழைய கப்பல் கண்டெய்னர் கிரேனில் தொங்கியது. அடியில் நாலு மூலைக்கும் நாலு சிமெண்ட் மேடைகள்.

"மட்டம் கொஞ்சம் தப்புனாலும் பெட்டி முறுக்கிக்கும், கதவு தொறக்காதும்மா. எந்த மேஸ்திரி போட்டது?" என்றார் கிரேன்காரர்.

"நான்தான். டியூப்ல தண்ணி வுட்டு மட்டம் பார்த்தேன்."

அவர் சிரித்துக்கொண்டே பெட்டியை இறக்கினார். கதவை நெம்பக் கடப்பாரையோடு வந்தும் விட்டார். இரண்டு நாள் குனிந்த முதுகு அவளுக்கு இன்னும் வலித்தது; அந்தச் சிரிப்பு அதைவிட வலித்தது.

தாழ்ப்பாளை விலக்கி ஒற்றைக் கையால் இழுத்தாள். கதவு முனகாமல் திறந்தது.

கிரேன்காரர் நாலு மூலையையும் சுற்றிவந்து பார்த்தார்.

"அந்தக் கடப்பாரைய உள்ள வெச்சிட்டுப் போ அண்ணாத்த," என்றாள். "மொத சாமான் உன்னுதா இருக்கட்டும்."