பன்றி படுத்து வந்த இடம்

அந்தச் சனிக்கிழமை காலை காய்பாரியென் ஊரில் தெல்மிராவின் வீட்டு முன்னால் கூடியிருந்தவர்கள் மொத்தம் நான்கு பேர். தெல்மிரா ஆடுநாற்காலியில், வலது காலைப் பீர்ப் பெட்டியின் மேல் நீட்டியபடி. இடுப்பிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. முழங்காலை மடக்கவே கூடாது என்பது மருத்துவரின் உத்தரவு. பர்த்தோலோ தன்னுடைய பச்சை செவர்லேயின் முன்னிருக்கையில், ஒரு கையை ஜன்னலில் தொங்கவிட்டு, ஊருக்கே சொந்தக்காரன் போல. பள்ளிக்கூட எழுத்தர் மிர்த்தா தன் லாடாவில், மேலதிகாரி எதிரே நிற்பதைப் போன்ற விறைப்பில். நான்காவது ஆள் ஓவிதியோ. அவன் மட்டும் தன் காரில் உட்காரவில்லை, நடைபாதை ஓரத்தில் குந்தியிருந்தான். போலந்திலிருந்து வந்ததால் ஊரார் ‘போலாக்கிட்டோ’ என்று செல்லமாகக் கூப்பிடும் அந்தக் குட்டிக் காரில், அவனைப் போன்ற நெட்டையன் சும்மா உட்கார்ந்து காத்திருக்க மாட்டான்.

மாகாண டோமினோ இறுதிப்போட்டி அன்று சாந்தா கிளாராவில். தெல்மிராவும் ஓவிதியோவும் ஜோடி. ஆட்டம் தொடங்கும்போது மேஜையில் ஆள் இல்லையென்றால் மாற்று ஆட்டக்காரர் உட்காரலாம். மாற்று ஆட்டக்காரன் வேறு யாருமில்லை, பர்த்தோலோதான்.

“நான் இருக்கேன்ல, கவலைப்படாதே” என்று அவன் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த ஆறுதல்தான் தெல்மிராவுக்குப் பிடிக்கவில்லை. சாந்தியாகோவிலிருந்து அக்கா சொராய்தாவும் எழுதியிருந்தாள்: காலைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே இரு, வேறு யாராவது ஆடட்டும். பதினொரு வருடமாகத் தோற்றுத் தோற்று இறுதிவரை வந்தவளிடம் சொல்லும் பேச்சா இது?

“ஏறு தாயே! இது கார் இல்லை, வரவேற்பறை” என்று பர்த்தோலோ கதவைத் திறந்தான்.

வெளியிலிருந்து பார்த்தால் வரவேற்பறைதான். ஆனால் நிறைய ஆள் ஏற்ற வேண்டும் என்று பர்த்தோலோ நடுவில் கூடுதலாக ஒரு பெஞ்சை வைத்துத் தரையோடு பற்றவைத்திருந்தான். மெத்தை என்னவோ பஞ்சு போல இருந்தது. காலை நேராக நீட்டினால் முன்பெஞ்சின் முதுகில் முட்டியது. பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தாள். பெஞ்சின் அகலம் குறைவு, பாதி உடம்பு அந்தரத்தில் நின்றது. முதல் வளைவிலேயே உருண்டுவிடுவாள்.

“வரவேற்பறைனு சொன்னியே, இது வெத்தலைப் பெட்டி மாதிரில இருக்கு! ஒரு பெஞ்சைக் கழட்டேன்.”

“பத்தவெச்சது தெல்மிரா, கழட்டணும்னா காரையே அறுக்கணும்.”

“அப்போ அறு!”

பர்த்தோலோ வாய்விட்டுச் சிரித்தானே தவிர, அறுக்கவில்லை.

அடுத்தது லாடா. பின்னிருக்கை அகலம், குறுக்காகச் சாய்ந்து உட்கார முதுகுக்கும் வசதி. ஆனால் தெல்மிரா உயரக்காரி. கதவைச் சாத்தினால் பாதம் இடித்தது. கண்ணாடியை இறக்கினால் பாதம் வெளியே எட்டிப்பார்த்தது.

மிர்த்தா வெளியே நீட்டிய பாதத்தைப் பார்த்துவிட்டு, “நீளமான மரம் ஏத்திட்டுப் போறவங்க நுனியில ஒரு செவப்புத் துணி கட்டுவாங்களே, அது மாதிரி கட்டிடலாமா?” என்றாள். கேலியாகச் சொல்லவில்லை, உண்மையாகவே யோசனை சொன்னாள்.

“எங்கால் மரமாடி உனக்கு?”

பர்த்தோலோவும் மிர்த்தாவும் சேர்ந்து தெல்மிராவைத் தூக்கி மறுபடி ஆடுநாற்காலியில் உட்காரவைத்தார்கள். தெல்மிராவின் கண் கலங்கிவிட்டது. பர்த்தோலோ கடிகாரத்தைப் பார்த்தான். அவன் முகத்தில் வருத்தம் இருந்தது, உள்ளே தானே ஆடலாம் என்ற கொஞ்சம் ஆசையும் இருந்தது.

ஓவிதியோ எழுந்து தொண்டையைச் செருமினான். “என் காரு...”

“உன் காரா! நீ அதுல ஏறுறியா, இல்ல சட்டை மாதிரி மாட்டிக்கிறியான்னே எங்களுக்குத் தெரியலை” என்றான் பர்த்தோலோ. “அதுல போறதுக்கு அந்தம்மா தவழ்ந்தே போய்ச் சேந்துடும்.”

“வருஷக் கடைசி விருந்துக்கு எங்க மாமனார் ஊர்லேர்ந்து பன்னி வந்துச்சே, அது எதுல வந்துச்சாம்? இதுலதான். படுத்துக்கிட்டே வந்துச்சு.”

தெல்மிரா நிமிர்ந்தாள். “எப்படிப் படுத்துச்சு?”

“டிரைவருக்குப் பக்கத்து முன்சீட்டைக் கழட்டிட்டேன். ஒரு கொக்கிதான், இழுத்தா வந்துடும்.”

“பன்னிக்கு இடம் இருந்துச்சுன்னா எனக்கு இருக்காதா? கழட்டுய்யா!”

ஓவிதியோ கொக்கியை இழுத்தான். முன்சீட்டு அப்படியே அவன் கையோடு வந்துவிட்டது. அந்தக் காருக்கு இரண்டே கதவுகள்தான், ஆனால் ஒவ்வொன்றும் லாடாவின் கதவைவிட நீளம். தெல்மிரா முதுகைக் காட்டி உள்ளே நுழைந்து பின்னிருக்கையில் அமர்ந்தாள். காலை நீட்டினாள். முன்சீட்டு இருந்த இடத்தைத் தாண்டி, காருடைய மூக்கு வரை பாதம் போய் நின்றது. எதிலும் இடிக்கவில்லை, கதவும் சாத்திக்கொண்டது. மெத்தை மெலிசுதான், முதுகில் ஒரு கம்பியும் லேசாக உறுத்தியது.

“மகாராணி மாதிரி இருக்கேன்” என்றாள். “பர்த்தோலோ, அந்தக் கழட்டின சீட்டை உன் வரவேற்பறையில ஏத்திக்கோ. சாந்தா கிளாராவுல வேணும்.”

வழி நெடுகச் செவர்லே முன்னால் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. உள்ளே பர்த்தோலோ, அவனுக்குப் பக்கத்தில் மிர்த்தா, பின்பெஞ்சில் போலாக்கிட்டோவின் சீட்டு.

ஆட்டக்கூடத்தில் இருந்ததெல்லாம் இரும்பு நாற்காலிகள். எதிரணித் தலைவர் தெல்மிராவின் காலைப் பார்த்து, “மாற்று ஆட்டக்காரர் யாருங்க?” என்று பணிவாகக் கேட்டார்.

“இதோ வர்றார்” என்றாள் தெல்மிரா.

பர்த்தோலோ கார் சீட்டைத் தோளில் சுமந்துகொண்டு உள்ளே வந்து, அவள் காலடியில் போட்டான். மாவுக்கட்டை அதன் மேல் மெதுவாக ஏற்றிவைத்தான். கூடமே கைதட்டியது. அவனும் தனக்குத்தான் என்பது போலக் குனிந்து வணங்கினான்.

கடைசி ஆட்டத்தில் இரு அணியும் சமம். தெல்மிரா கையில் மிச்சம் ஒரே காய், ஒரு பாதியில் ஒன்பது புள்ளி, மறுபாதியில் நாலு; அதை வைத்துவிட்டால் ஜெயம். மேஜையில் அடுக்கிய காய் வரிசையின் ஒரு முனையில் ஒன்பது நின்றது. ஓவிதியோ அவளைப் பார்க்கவே இல்லை. நெற்றியைச் சொறிந்துவிட்டு மறுமுனையில் நாலைக் கொண்டுவந்து நிறுத்தினான். அடுத்த எதிராளியிடம் இரண்டுக்கும் காய் இல்லை, ‘பாஸ்’ என்று மேஜையைத் தட்டினான். தெல்மிரா தன் காயை ஓங்கி வைத்தாள். எந்த முனையில் வைத்திருந்தாலும் பொருந்தியிருக்கும். மேஜை அதிர்ந்தது, மிர்த்தா அலறினாள், ஓவிதியோ எழுந்த வேகத்தில் அவன் நாற்காலி கவிழ்ந்தது.

திரும்பிக் கிளம்புவதற்கு முன், போலாக்கிட்டோவின் பின்னிருக்கையில் கால் நீட்டி உட்கார்ந்து, வென்ற கோப்பையை மடியில் படுக்கவைத்து, அதன் அடிக்கட்டையின் மேல் தாளை வைத்து தெல்மிரா எழுதினாள்.

‘அன்புள்ள சொராய்தாவுக்கு, ஜெயித்துவிட்டோம். செவர்லேயில் மெத்தை உண்டு, இடம் இல்லை. லாடாவில் இடம் உண்டு, என் பாதத்துக்கு மட்டும் இல்லை. போலாக்கிட்டோவில் முதுகில் கம்பி குத்துகிறது, ஆனால் நான் முழுசாக அடங்குகிறேன். இனி வீட்டிலேயே இரு என்று எழுதாதே. அடுத்த மாதம் தேசியப் போட்டி. உன் ஊரில்தான். என் கட்டில் ஜன்னல் பக்கமாக இருக்கட்டும். உன் தங்கை தெல்மிரா.’

உறையின் ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டினாள், விரலால் இரண்டு தரம் அழுத்தித் தேய்த்தாள். ஜன்னல் வழியாகப் பர்த்தோலோவிடம் நீட்டினாள்.

“ஓடிப் போய்ப் போட்டுட்டு வா.”

“இதுக்கும் நான்தானா?”

“நீதானே மாற்று ஆள்!”

அவன் முனகிக்கொண்டே தெருவைக் கடந்து போய், தபால் பெட்டிக்குள் கடிதத்தைப் போட்டான்.