பீர்ப் பெட்டியும் சேர்ந்து பாடிய மதியம்

வாரிக்குக் காதில் எட்டு வருடமாக ஒரே சத்தம். மரம் அறுக்கும் ஆலையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்ததன் மிச்சம் அது. டாக்டர் அதற்கு நீளமாக ஒரு பேர் சொன்னார். "கெட்டில் கொதிச்சிட்டே இருக்கு, யாரும் இறக்கி வைக்க மாட்டேங்கிறாங்க" என்பார் வாரிக். அதை அமுக்குவதற்காகவே வீட்டில் எந்நேரமும் ரேடியோவை அலறவிட்டிருப்பார்.

வேலையிலிருந்து நின்றபிறகு, ஹுவான் ஆற்றோரம் இருந்த, புல்தரையில் பந்து உருட்டி விளையாடும் பவுல்ஸ் கிளப்பின் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கும் பிரைடி, ஜூலை மாதத்துக் குளிர்கால ஞாயிறு ஒன்றில் ஆம்பியன்ட் என்ற மெல்லிய இசை நிகழ்ச்சிக்கு அந்த ஹால் வேண்டும் என்று வந்து நின்றாள்.

"பாடறவங்க யாரு?"

"யாரும் பாட மாட்டாங்க, வாரிக்."

"டிரம்ஸாவது உண்டா?"

"அதுவும் கிடையாது. நான் கீபோர்டுல மெதுவா வாசிப்பேன். எல்லாரும் மூணு மணி நேரம் படுத்துக் கேட்பாங்க."

"எங்க வருஷாந்திரக் கூட்டத்துலகூட எல்லாரும் தூங்கத்தான் செய்யறாங்க. அதுக்கு இசைன்னு பேரு வைக்கலாம்னு எங்களுக்குத் தோணல பாரு!"

பிரைடி சிரித்தாள். ஹால் கிடைத்தது.

அன்று மதியம் நல்ல மழை. இருபது பேருக்குமேல் மெத்தையும் போர்வையுமாக வந்து இறங்கினார்கள். கடைசியாக, சோபாவின் திண்டுகளைத் தூக்கிக்கொண்டு வாரிக்கின் மனைவி நோலீன் வந்தாள்.

"நீயுமா?"

"உன் ரேடியோ இல்லாத இடத்துல மூணு மணி நேரம். விடுவேனா?"

பிரைடி கீபோர்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, தலையைச் சாய்த்து நின்றாள். ஹாலின் ஓரத்து பாரில், பீர் வைக்கும் பெரிய ஃபிரிட்ஜ் ரீங்கரித்துக்கொண்டிருந்தது. "அந்தப் பீர்ப் பெட்டியைக் கொஞ்சம் நிறுத்த முடியுமா?"

"நிறுத்தலாம். பீர் சூடாச்சுன்னா ஆறு மணிக்கு வர்ற பசங்க என்னைப் புதைச்சிருவாங்க, பரவாயில்லையா?"

அவள் கோபப்படவில்லை. பெட்டியின் முன்னால் குந்தி, காதை அதன் பக்கவாட்டில் வைத்து, கூடவே மெல்ல முனகிப் பார்த்தாள். பிறகு கீபோர்டுக்குப் போய் ஏதோ ஒரு குமிழைத் துளி திருப்பினாள். "சரி, இருக்கட்டும். அதுவும் கூட வாசிக்கட்டும்."

எப்போது ஆரம்பிக்கப்போகிறது என்று கையைக் கட்டிக்கொண்டு பாருக்குப் பின்னால் காத்திருந்தார் வாரிக். அது ஆரம்பித்து வெகுநேரம் ஆகிவிட்டது என்பது பிறகுதான் உறைத்தது. பெட்டியின் ரீங்காரம் எங்கே முடிகிறது, பிரைடியின் விரல் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியவில்லை. ஒரு சுரம் வந்தது. நின்றது. ஆற்றின் மேல் பனி விலகுவதுபோல அவசரமில்லாமல் போனது. அடுத்தது வரும் என்று அவர் காத்திருந்தார். பிறகு காத்திருப்பதையும் விட்டுவிட்டார்.

நினைப்பு எங்கெங்கோ போய்விட்டுத் திரும்பியது. பாட்டாக இருந்தால் தவறவிட்ட வரியைத் தேடி ஓட வேண்டியிருக்கும். இந்த இசை, எங்கே போயிருந்தாய் என்று கேட்கவில்லை. யாரோ இருமினார்கள். அதுவும் அங்கே பொருந்தித்தான் இருந்தது.

அவருடைய காதுச் சத்தம்? தேடினார். இருந்தது. ரேடியோ அதனோடு மல்லுக்கட்டும். இந்த இசையோ சற்று நகர்ந்து அதற்கு இடம் கொடுத்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே மெல்லிய கம்பி ஒன்றை யாரோ மீட்டுவதுபோல அது தன்பாட்டுக்கு ஒலித்தது. எட்டு வருடத்தில் முதல்முறையாக வாரிக்கின் இறுகிய தோள் தளர்ந்தது.

அப்போதுதான் 'டக்'கென்று பீர்ப் பெட்டி நின்றது.

உள்ளே குளிர் போதுமாகிவிட்டால் அது தானாக நின்றுவிடும். ஆனால் தரையையே உருவியதுபோல ஆகிவிட்டது. படுத்திருந்தவர்கள் புரண்டார்கள். நோலீன் கண்ணைத் திறந்து நேராக அவரையே பார்த்தாள். பிரைடி ஒரு கீழ்ச்சுரத்தை அழுத்திப் பார்த்தாள், அது ஈடாகவில்லை.

வாரிக் பெட்டியின் இரண்டு கதவுகளையும் விரியத் திறந்தார். குளிர் முழங்காலில் அறைந்தது. தட்டு ஒன்றை எடுத்து, ஹாலின் வெதுவெதுப்பை உள்ளே விசிறினார். ஒரு நிமிடம் போனது. இரண்டு போனது. நெற்றியில் வியர்வை. தேவாலயத்தில்கூட அவர் இப்படி மனமார வேண்டிக்கொண்டதில்லை.

'டொக்.' பெட்டி மறுபடி முனகத் தொடங்கியது. ஹாலில் யாரோ நீளமாக மூச்சுவிட்டார்கள். பிரைடி கண்ணை மூடிக்கொண்டு அதன்மேல் ஒரு சுரத்தை, தூங்கும் குழந்தையின்மேல் துணி போர்த்துவதுபோல, விரித்தாள். வாரிக் கதவுகளைச் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்து, பெட்டியில் முதுகைச் சாய்த்தார். அதிர்வு முதுகெலும்பு வழியாக ஏறியது. முழுசாக முடியும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.

கடைசிச் சுரம் எப்போது அடங்கியது என்று யாருக்கும் தெரியாது. காதுச் சத்தம் திரும்பி முன்னால் வந்தது. வந்தால் வரட்டும் என்றிருந்தது அவருக்கு.

பிரைடி பாருக்கு வந்து அதில் சாய்ந்து நின்றாள். "வாசிப்புல நீங்க உள்ள நுழைஞ்ச இடம் பிரமாதம், வாரிக்."

"கொஞ்சம் லேட்டாயிடுச்சு."

"அடுத்த மாசமும் ஹால் கிடைக்குமா?"

"கிடைக்கும்." கழுத்தைச் சொறிந்துகொண்டார். "சமையலறையில பாத்திரம் கழுவுற மெஷின் ஒண்ணு இருக்கு. அதை நீ இன்னும் கேக்கலையே?"

திண்டுகளை அணைத்துக்கொண்டு வாசலில் காத்திருந்த நோலீன், "போலாமா?" என்று குரல் கொடுத்தாள். சமையலறையில் மெஷினின் இருபுறமும் வாரிக்கும் பிரைடியும் காதை வைத்துக் குனிந்திருந்தார்கள். "சத்தம் போடாத, நோலீன்" என்றார் வாரிக்.